கொஞ்சம் தள்ளி நில்லுங்க

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து, குளித்துவிட்டு, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "இன்னைக்கு அது வேற கலர்லயா வருது?"

'அது' என்பது புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போகும் பாசஞ்சர் வண்டி. நான்கு வருஷமாக அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதே வண்டி, அதே தண்டவாளம், பின்னால் அதே பாறைக் குன்று. என் வயதுக்காரர்கள் லீவு நாளில் தூங்குகிறார்கள், கொஞ்சம் துணிந்தவர்கள் சீட்டாடுகிறார்கள். நான் ரயில் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால், "யாரு வர்றாங்க?" என்று கேட்பார்கள். யாரும் வரவில்லை, வண்டியைப் பார்க்கத்தான் போகிறேன் என்பேன். அப்போது அந்த முகங்களில் வரும் மரியாதை இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

உத்தியோகம் என்ன என்று கேட்பீர்கள். புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பொதுமக்கள் கொடுக்கிற மனுக்களைப் படித்து அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை என்று நீங்கள் நினைத்தால் தப்பு. அதில் என்ன இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. 'உரிய ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்று பச்சை மசியில் எழுதித் திருப்பி அனுப்புவதில் எங்கள் அலுவலகத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. வாரத்தில் ஐந்து நாள் இந்தத் திருப்பணி, ஆறாவது நாள் ரயில்.

நான் போகிற ஸ்டேஷன் கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்னும் இரண்டு பேர் கேமராவோடு வந்து நின்றுவிடுவார்கள். ஸ்டேஷன் என்பதே ஒரு மரியாதைக்குத்தான். ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. மஞ்சள் பலகை ஒன்று, சிமென்ட் பெஞ்சு இரண்டு, ஒரு வேப்பமரம், கதவு சரியாகச் சாத்தாத ஒற்றை அறை, அவ்வளவுதான். அந்த அறையில் டிக்கெட் கொடுப்பவர் ரயில்வே ஊழியர்கூட இல்லை. உள்ளூர் மனிதர், ஒப்பந்தத்தில் விற்கிறார். வண்டிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து ஜன்னலைத் திறப்பார். வண்டி போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு வயலுக்குப் போவார். மொத்தம் நான்கு வண்டிகள் நிற்கும். மற்ற வண்டிகளெல்லாம் அப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாத மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

எனக்கு வேண்டியது ரொம்ப எளிமையான விஷயம். ஆளே இல்லாத பிளாட்பாரம், வளைவில் திரும்பி உள்ளே வருகிற ஏழேகால் வண்டி, அதன் முகத்தில் இளவெயில். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு படம். இதற்கு ஒரே தடையாக இருந்தவர்கள் பயணிகள். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பயணிகள் வந்து நிற்பதை ஆரம்பத்தில் என்னால் தாங்கவே முடியவில்லை. ஃபிரேமில் கண்ணை வைத்தால் ஒரு டிபன் பை, ஒரு வழுக்கைத் தலை, ஒரு காலேஜ் பெண்ணின் துப்பட்டா. வண்டி வருகிற அந்த நொடியில் சரியாக நடுவே ஒருவர் வந்து நின்று கொட்டாவி விடுவார்.

ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது கேமராவைத் தூக்கினால் குறுக்கே நிற்கமாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் கையை அசைத்தால் பெண்ணைப் பெற்றவரே ஓரமாகப் போய்விடுவார். தாலி கட்டியதை அப்புறம் டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். அடுத்தவர் போட்டோவைக் கெடுப்பது அவ்வளவு பெரிய அநாகரிகம். முதல் சனிக்கிழமையே நான் கையைக் காட்டி, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். பதினைந்து பதினாறு பேர் இருந்தார்கள். எதற்கு, நீ யார் என்று ஒருவர் கேட்கவில்லை. எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் போய் வரிசையாக நின்றார்கள். "சார், இது போதுமா? இன்னும் அங்கிட்டு போகணுமா?" என்று ஒருவர் கேட்கவும் செய்தார்.

மூன்றாவது வாரத்திலிருந்து வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனால் போதும், பிளாட்பாரம் துடைத்துவிட்ட மாதிரி காலியாகும். வண்டி உள்ளே வரும், நான் எடுப்பேன், பின்னாலிருந்து எல்லோரும் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும். என்னால் யாரும் அதைத் தவறவிட்டதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. 'கேமரா சார்' என்றுதான் சொல்வார்கள்.

எதிர்த்துப் பேசியது ஒரே ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். வீட்டில் மாமியாரும் மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளும். வெயில் ஆகாது என்று பெரிய சிவப்புக் குடை ஒன்றைக் காலையிலேயே விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிவப்பு என் ஃபிரேமில் வந்தால் கண் நேராக அங்கேதான் போகும், வண்டிக்கு வராது.

"அந்தக் குடைய மட்டும் கொஞ்சம் மடக்கிக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வண்டி எனக்காக நிக்குதா, ஒங்களுக்காக நிக்குதா சார்?" என்றார்.

"ஒரு நிமிஷந்தானேங்க."

"காலங்காத்தால வெறும் வயித்தோட வர்றவங்ககிட்ட ஊசியக் குத்தி ரத்தம் எடுக்குறது என் வேல. என்கிட்டயே ரத்தம் எடுக்குறவர இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும் போல என் பின்னால் வந்து நின்றார். குடையை மடக்கவில்லை.

வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது போட்டோ எடுப்பவர்களின் பாலபாடம். அதனால் ஒரு சங்கடம். பின்னால் நிற்கிறவர்களின் நிழல் நீள நீளமாக வந்து படத்தின் கீழ்ப்பகுதியில் விழும். ஆளைத் தள்ளி நிற்கச் சொல்லலாம், நிழலை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் அந்தக் கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்துவிடுவேன். பிறகுதான் இணையத்தில் ரயில் பைத்தியங்களுக்கென்று இருக்கிற குழுவில் போடுவேன்.

அந்தக் குழுவில் எனக்கென்று ஒரு செல்வாக்கு இருந்தது. அங்கே நான் இயற்பெயரில் எழுதுவதில்லை. கண்காணிப்பாளர் ரயில் பார்ப்பது வெளியே தெரிந்தால் பச்சை மசிக்கு என்ன மதிப்பு? ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு, படத்தின் மூலையில் அதைப் பொறித்து, கீழே இரண்டு வரி கவித்துவமாக எழுதுவேன். 'யாருமே வராத இந்த ஊரில் யாருக்காக நிற்கிறது இந்த வண்டி?' என்று ஒருமுறை எழுதினேன். பிய்த்துக்கொண்டு போனது. பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆட்கள் கண்ணீர் விடும் பொம்மைகளைப் போட்டார்கள். அந்த ஊரில் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்தத் தை மாதம், பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை, நான் போனபோது பிளாட்பாரத்தில் யாரும் அவரவர் இடத்தில் இல்லை. எல்லோரும் டிக்கெட் ஜன்னல் பக்கம் கூடி நின்றார்கள். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. புதிய கால அட்டவணையிலிருந்து காலை ஏழேகால் வண்டியும், மாலையில் திருச்சியிலிருந்து திரும்பி வருகிற வண்டியும் அந்த ஸ்டேஷனில் நிற்காது. போதிய பயணிகள் இல்லை என்பது காரணம். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் திருச்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

"எங்க சார் நான் டிக்கெட்டு விக்கிறது?" என்று டிக்கெட்காரர் என்னிடம் முறையிட்டார். "எல்லாரும் மாசப் பாஸு. அத வேல பாக்குற எடத்துல, திருச்சில போட்டுக்கிர்றாங்க. கணக்கு பூராவும் திருச்சி ஸ்டேஷனுக்குப் போயிருது. என் ஜன்னல்ல ஒரு நாளைக்கு ரெண்டு டிக்கெட்டு, மூணு டிக்கெட்டு. அதப் பாத்துட்டு இங்க ஆளே ஏறலைங்கிறாக."

குடைக்காரப் பெண் காகிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். எப்போதும் இருக்கிற துடுக்கு அன்று முகத்தில் இல்லை.

"பஸ்ல போகலாமே?" என்றேன், விவரமாகக் கேட்பதுபோல்.

"மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் சார். நடந்து போயி பஸ்ஸப் புடிச்சு நான் போயிச் சேர ஒம்பதரை ஆயிரும். எட்டரைக்கு லேபு தெறக்கணும், சாப்பிடாம வந்து ஒக்காந்துருப்பாங்க. ராத்திரி எட்டு மணிக்கு எறங்கி அந்த நாலு கிலோமீட்டர் தனியா நடக்கணும். மொதலாளி ஆஸ்டல்ல தங்கிக்கங்கிறாரு. பாப்பாவ விட்டுட்டு எப்பிடி சார் தங்குறது?" காகிதத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "இந்த வண்டி நின்னா நான் வேலைக்குப் போறேன். நிக்கலேன்னா வேலைய விட வேண்டியதுதான். பத்து வருஷம் ஆச்சு சார், அந்த வேலைல நான் சேந்து" என்றார்.

மனு என்ற சொல் அங்கே யார் வாயிலோ வந்தது. விடுவேனா? நான் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். வெறும் கையெழுத்துப் போட்ட மனு குப்பைக்குத்தான் போகும், ஆதாரம் வேண்டும், ஆதாரம் என்றால் பார்த்த மாத்திரத்தில் அதிகாரி வாயை மூட வேண்டும். இருபத்தெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன் என்றேன்.

"என்ன ஆதாரம் சார் குடுக்குறது?" என்றார் அந்தப் பெண்.

"போட்டோ! நீங்க தினமும் ஏறுறது போட்டோவுல இருந்தா அப்புறம் யாரு பேச முடியும்? நாலு வருஷமா வாரம் தவறாம எடுத்திருக்கேன். அறுநூறு படத்துக்கு மேல வச்சிருக்கேன். தேதியோட இருக்கு. நான் தாரேன், கவலைய விடுங்க."

அந்த முகங்கள் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான்கு வருஷத்தில் முதன்முறையாக எனக்கு யாரோ டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். இத்தனை நாளாக இந்த மனுஷன் நமக்காகத்தான் வந்து நின்றிருக்கிறான் என்று டிக்கெட்காரர் சொன்னார். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

அன்று மதியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். வண்டி. காலிப் பிளாட்பாரம். வண்டி. காலிப் பிளாட்பாரம். மழையில் வண்டி, காலிப் பிளாட்பாரம். பனியில் வண்டி, காலிப் பிளாட்பாரம். மூன்றாம் வருஷத்துப் படம் ஒன்றில் ஓர் ஆடு இருந்தது. மனிதர் என்று ஒருவர் இல்லை. யாராவது குறுக்கே வந்து கெட்டுப்போன படங்களை அன்றன்றைக்கே அழித்துவிடுகிற நல்ல பழக்கம் எனக்கு உண்டு. அறுநூறு படங்களையும் பார்த்து முடித்தபோது காபி ஆறிப்போயிருந்தது.

மனைவி பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்ன தேடுறீங்க?"

சொன்னேன்.

"இத வச்சு ஸ்டாப்ப எடுக்கச் சொல்லி மனுக் குடுத்தா பக்காவா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த உண்மையை ஸ்டேஷன் ஆட்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அடுத்த சனிக்கிழமை புதிதாக நாலு படம் எடுத்துச் சேர்த்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். "இன்னும் கொஞ்சம் தெளிவா வேணும். எல்லாரும் வந்துருங்க" என்று டிக்கெட்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வழக்கமாக இருபது பேர் வருகிற இடத்தில் அன்று ஐம்பது பேர் இருந்தார்கள். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வண்டியிலேயே ஏறாத பெரியவர்கள் எல்லாம் போட்டோ என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். ஒருவர் விபூதி பூசி, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். வண்டி வளைவில் திரும்பியது. நான் கேமராவைத் தூக்கினேன். ஐம்பது பேரும் ஒரே நொடியில் என் பின்னால் போய்விட்டார்கள்.

"முன்னால வாங்க! முன்னால வாங்க!" என்று கத்தினேன்.

"போட்டோ கெட்டுப் போயிரும் சார், நீங்க எடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தியதும் என்ன செய்தார்கள் தெரியுமா? உயரமானவர்கள் பின்வரிசை, குட்டையானவர்கள் முன்வரிசை என்று தாங்களாகவே பிரிந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி, என்னையே உற்றுப் பார்த்தார்கள். வண்டி வந்து நின்றது. ஒருவரும் அசையவில்லை. கார்டு இறங்கி எட்டிப் பார்த்தார். "சார், நாங்க ஏறட்டுமா, இல்ல இப்பிடியே வேரு விட்டு நிக்கவா?" என்று குடைக்காரப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் தலையாட்டியதும் வேலைக்குப் போகிறவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். ஓடுகிற அந்த நேரம் எடுத்ததெல்லாம் கலங்கிப்போய்விட்டது. நன்றாக வந்தது அந்த வரிசைப் படம் ஒன்றுதான்.

அந்த ஒன்றை இணைத்து, நூற்றுப் பத்துக் கையெழுத்தோடு, திங்கட்கிழமை நானும் அந்தப் பெண்ணும் திருச்சி அலுவலகத்துக்குப் போனோம். நான் ஒரு நாள் லீவு போட்டிருந்தேன். அவர் லேபில் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கியிருந்தார். அதிகாரி என்னைவிட இளையவர், நிதானமானவர், உட்காரச் சொன்னார். மனுவை வாங்கி முதல் பக்கத்தைப் படிக்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் இணைப்பைப் பார்த்தார். நானும் அப்படித்தான் செய்வேன்.

"இந்தப் பட்டுச் சேலை கட்டினவங்க எல்லாம் தினம் வேலைக்குப் போறவங்களா?" என்றார்.

படத்தின் மேல் பேனாவை ஓட்டினார்.

"ஒருத்தர்கூட வண்டியப் பாக்கல. எல்லாரும் கேமராவப் பாக்குறாங்க. ஆளக் கூட்டிட்டு வந்து நிக்க வச்ச மாதிரி இருக்குங்க. ஒங்க கஷ்டம் புரியுது. ஆனா, நான் இதையும் பாக்கணுமில்ல?" என்று தன் செல்போனைத் தடவி, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அனுப்புனாரு. யாரோ ஒரு ரசிகர் வருஷக்கணக்கா அதே ஸ்டேஷன எடுத்துப் போட்டிருக்காரு. இதுல யாரும் யாரையும் நிக்க வைக்கல. அதே ஏழேகால் வண்டி. பாருங்க, ஒரு ஈ காக்கா இல்ல."

படத்தின் மூலையில் என் புனைபெயர் இருந்தது. கீழே, 'யாருமே வராத இந்த ஊரில் யாருக்காக நிற்கிறது இந்த வண்டி?' என்ற வரி. பெங்களூரும் துபாயும் அழுத அதே வரி.

அந்தப் புனைபெயர் யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். வெளியே வந்து, அதிகாரிகளே இப்படித்தாங்க என்று ஒரு பாட்டுப் பாடியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்.

"அது நான் எடுத்தது" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீங்களே எடுத்துட்டு, நீங்களே ஆட்சேப மனுவும் கொண்டு வாரீங்களா?"

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது. அவர் செல்போனைத் தன் பக்கம் இழுத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் அந்த வரியை மெதுவாகப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இந்தப் படம் எடுக்கும்போது நாங்க எங்க சார் நின்னோம்?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குப் பின்னாடி."

அவர் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அப்ப நாங்க இதுல இருக்கோம் சார். எடுக்குறவருக்குப் பின்னாடி நிக்கிறோம். போட்டோ நல்லா வரட்டும்னு அவரு தள்ளி நிக்கச் சொன்னாரு, தள்ளி நின்னோம். மரியாதைக்கு வெலகி நின்னா ஆளே இல்லன்னு எழுதிருவீகளா?"

அதிகாரி கொஞ்சம் சங்கடப்பட்டார். "நான் நம்புறேம்மா. ஆனா, வாய்ச்சொல்ல ஃபைல்ல வைக்க முடியாதே. அதுக்கு ஒரு ஆதாரம் வேணுமே" என்றார். உரிய ஆதாரம் இணைக்கப்படவில்லை. பச்சை மசி மட்டும்தான் குறை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் போனில் இருப்பது நான் வெட்டிய படம். வெட்டாத படம் கேமராவில் இருக்கிறது. பை என் மடியில் இருந்தது. திருச்சி ஜங்ஷன் வரைக்கும் வந்துவிட்டு எஞ்சின் பார்க்காமல் போவேனா என்று காலையிலேயே எடுத்து மாட்டியிருந்தேன். கேமராவை எடுத்து, மெமரி கார்டில் இருந்த ஒரு வருஷத்துப் படங்களைத் திறந்து, அதே படத்தைத் தேடிப் பிடித்து அவர் முன்னால் வைத்தேன்.

வண்டி இருந்தது. காலிப் பிளாட்பாரம் இருந்தது. கீழே, நான் எப்போதும் வெட்டி எறிகிற இடத்தில், நிழல்கள் இருந்தன. தலை தலையாக, பை பையாக, பிளாட்பாரத்தின் குறுக்கே தண்டவாளம் வரைக்கும் நீண்டு கிடந்தன. நடுவில் வட்டமாக ஒன்று.

"இது நான்" என்றார் அந்தப் பெண். விரலை அந்த வட்டத்தின் மேல் வைத்தார். "என் குடை. மடக்கச் சொன்னாரு, நான் மடக்கல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பேனா முனையால் எண்ணினார். பத்தொன்பது. அடுத்த வாரத்துப் படத்தைக் கேட்டார். அதிலும் வட்டம். அதற்கடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். மூலையில் தேதியும் நேரமும் ஓடின. நான் படத்தைத் தள்ளத் தள்ள, அவர் எண்ணினார், அந்தப் பெண் இன்னார் என்று சொன்னார். இது பேங்க்ல கூட்டுற அக்கா, கூன் விழுந்திருக்கும். இது காலேஜ் பொண்ணு, பை ஒரு பக்கமாத் தொங்கும். இது செக்யூரிட்டி வேலைக்குப் போற அண்ணன், தொப்பியோட நிப்பாரு. நான்கு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் நின்றவர்களை அன்றைக்குத்தான் நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

ஒரு படத்தில் மட்டும் வட்டம் இல்லை. அதிகாரி நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தார். "இதுல குடையக் காணோமே?"

அந்தப் பெண் தேதியைப் பார்த்தார். "அன்னைக்குப் பாப்பாவுக்கு அம்மை போட்டிருந்துச்சு சார். ஒரு வாரம் லீவு."

அதற்கப்புறம் அதிகாரி எண்ணவில்லை. கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, வெட்டாத படங்களை வரிசையாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து இணைக்கச் சொன்னார். எங்களை அனுப்பும்போது, "அந்தக் குரூப்ல போட்ட வரிய மட்டும் எடுத்துருங்க சார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வண்டி இன்னும் ஆறு மாதத்துக்கு நிற்கும், அதற்குள் தங்கள் ஆளை அனுப்பித் தலையை எண்ணிப் பார்ப்பார்கள் என்று பத்து நாள் கழித்து அதே சுவரில் வேறொரு காகிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு அப்புறம் என்ன என்பது அதில் இல்லை. எதில் என்ன இல்லை என்று பார்ப்பது எனக்குத் தொழில் அல்லவா, உடனே கண்ணில் பட்டது.

அன்று அலுவலகத்திலிருந்து ஜங்ஷனுக்கு நடக்கும்போது அந்தப் பெண் எனக்கு நாலடி முன்னால் போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். "எனக்குப் பர்மிஷன் முடிஞ்சிருச்சு சார், வாரேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

காகிதம் வந்த பிறகு வந்த சனிக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று இரண்டு மனதாகத்தான் போனேன். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது முகங்களிலேயே தெரிந்தது. டீ யாரும் வாங்கித் தரவில்லை. டிக்கெட்காரர் மட்டும், "வாங்க" என்றார். வண்டி வளைவில் திரும்பியது. பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கினேன். பிளாட்பாரம் காலியாயிற்று.

கேமராவை இறக்கிவிட்டுத் திரும்பினேன். "முன்னால வாங்க. இனிமே நீங்க யாரும் தள்ளி நிக்க வேணாம். ஒங்களோட சேத்துத்தான் எடுக்கணும்" என்றேன்.

யாரும் நகரவில்லை. சிவப்புக் குடை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"நாங்க பின்னாடியே நிக்கிறோம் சார். முன்னாடி வந்தா ஒங்களுக்காக நிக்கிற மாதிரி இருக்கு" என்றார் அந்தப் பெண். "நெழல் மட்டும் விழட்டும். இந்த வாட்டி அத வெட்டிறாதீக."